கடல் கடந்த பல்செட்

அத்தியாயம் 6

மேஜைமேல் இருந்த பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றைச் செய்தவர்தான் அழுகிற நிலையில் இருந்தார்.

"இது மூணாவது செட்டு சார்," என்றார் பல் மாஸ்டர். "முதல் செட்டு அனுப்பினேன், சேரல. ரெண்டாவது அனுப்பினேன், அதுவும் சேரல. இதுவும் சேரலைன்னா முப்பது வருஷத் தொழிலுக்கு நானே பூட்டுப் போட்டுட்டு வீட்ல உக்காந்துடுவேன்."

டாக்டர்கள் வாயைப் பார்ப்பார்கள். பல்செட்டைச் செய்து தருவது பல் மாஸ்டர். மாடிப்படிக்கு இந்தப் பக்கம் அவருடைய பட்டறை, அந்தப் பக்கம் துருவலின் துப்பறியும் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்தவர் துருவல். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. துருவித் துருவிக் கேட்கிற பழக்கத்தால் இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டு, பழைய பெயரைத் துரத்திவிட்டது.

துருவல் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

"சேரலன்னா? ஊர் போய்ச் சேரலையா, வாய்க்குச் சேரலையா?"

"பெட்டி ஊர் போய்ச் சேர்ந்துச்சு சார். உள்ள இருந்த பல்லுதான் அண்ணன் வாய்க்குச் சேரல. அவரு போன்ல, 'இது என் பல்லே இல்ல, வழியில யாரோ மாத்திட்டாங்க'ங்கிறாரு. ரெண்டு தடவையும் அதே பதில்."

"அத்தான்," என்றாள் ஜன்னலோரம் நின்றிருந்த மச்சினி. துருவலின் மனைவிக்கு அவள் தங்கை, அலுவலகத்துக்கு உதவியாளர், துருவலின் வாழ்க்கைக்கு விமர்சகர். "பெரிய கேஸ் வரப்போகுதுன்னு காலையில சொன்னீங்க. இது வாய் அளவுக்குத்தான் வந்திருக்கு."

துருவல் அதைக் காதில் வாங்கவில்லை. "அண்ணன் என்ன பண்றாரு?"

"வெளிநாட்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு. அறுபத்தொரு வயசு. ரெண்டு வருஷமா வாயில ஒரு பல்லு கிடையாது. அடுத்த சனிக்கிழமை அவரு பொண்ணுக்குக் கல்யாணம். இருநூறு பேரு முன்னாடி எழுந்து நாலு வார்த்தை பேசணும். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால பிளேன் ஏற முடியல. நான்தான் போகல, என் கையால செஞ்ச பல்லாவது போகட்டும்னு நெனச்சேன்."

மாஸ்டர் பற்களை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"இப்ப அண்ணன் போனையே எடுக்கிறதில்ல. 'உனக்கு வேலை மறந்துபோச்சு'ன்னு போன வாரம் ஒரு வார்த்தை விட்டாரு. நான் கோவத்துல பதிலுக்கு நாலு வார்த்தை விட்டேன். சார், எனக்கு வேண்டியது ஒண்ணுதான். எந்தக் கூரியர்ல அனுப்பினா பல்லை மாத்த மாட்டாங்க? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கே அனுப்பியாகணும்."

"அடுத்தவன் பல்லைத் திருடி என்ன பண்ணுவான்?" என்று துருவல் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"திருடலாம் அத்தான். ஆனா சிரிச்சா மாட்டிக்குவான்," என்றாள் மச்சினி.

துருவல் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாஸ்டரும் மச்சினியும் பின்னாலேயே போனார்கள்.

முதல் செட் போனது மான் கூரியரில். கண்ணாடிக் கதவில் ஒரு மான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த வரிசையில் எதுவும் ஓடவில்லை. இருபது நிமிடம் கழித்துக் கவுண்ட்டர் இளைஞர் நிமிர்ந்தார். ரசீதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"பொருள், பல். எண்ணிக்கை, இருபத்தெட்டு. சரிங்களா?"

"முப்பத்திரெண்டு இல்லையா?" என்று மச்சினி மாஸ்டரைக் கேட்டாள்.

"செட்டுல இருபத்தெட்டுதாம்மா. ஞானப்பல் வைக்கிறதில்ல."

"ஞானத்தை மட்டும் கழிச்சுட்டு அனுப்புறீங்க. நல்ல ஏற்பாடு."

கவுண்ட்டர் இளைஞர் தொண்டையைச் செருமினார். "இந்தப் பார்சல் அங்க கஸ்டம்ஸ்ல ரெண்டு நாள் நின்னுச்சு. 'பல்'னு மட்டும் எழுதியிருந்தீங்க. யாரோட பல்லு, அவரு உயிரோட இருக்காரான்னு கேட்டு மெயில் போட்டாங்க. நான்தான் செயற்கைப் பல்லுன்னு பதில் அனுப்பினேன்."

"பெட்டியைத் திறந்தாங்களா?" துருவல் கேட்டார்.

"திறக்கல சார். திறந்தா பச்சை டேப் ஒட்டி அனுப்புவாங்க. இதுல இல்ல."

"எடை?"

"இங்க நானூத்திப் பன்னெண்டு கிராம். அங்க டெலிவரிக்கு முன்னாடி மறுபடியும் வெச்சுப் பாத்திருக்காங்க. நானூத்திப் பன்னெண்டு."

துருவல் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "வேற ஒரு செட்டை உள்ள வெச்சிருந்தா இதே எடை வருமா?"

"வாய்ப்பே இல்ல சார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கனம் இருக்கு. ரெண்டு மூணு கிராமாவது வித்தியாசம் வரும்."

"அப்ப மான் மாத்தல," என்றாள் மச்சினி. "ஒரு மிருகம் கழிஞ்சுது."

"டெலிவரி எடுத்தவர் போட்டோ இருக்கா?"

இளைஞர் திரையைத் திருப்பினார். வாசற்கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் பெட்டியுடன் நின்றிருந்தார். வழுக்கைத் தலை, கட்டம்போட்ட ஸ்வெட்டர். வாய், நூலை இழுத்து முடிந்த சுருக்குப்பைபோல உள்வாங்கியிருந்தது.

"உங்க அண்ணனா?"

"இல்ல சார். இவரு யாருன்னு தெரியல. அண்ணன் பகல்ல பஸ்ஸோட போயிடுவாரு. தெரிஞ்சவங்க வீட்டு அட்ரஸ் ஒண்ணு குடுத்தாரு. அங்கதான் ரெண்டு தடவையும் அனுப்பினேன்."

துருவல் அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது செட் போனது கொக்குக் கூரியரில். மேனேஜரே எழுந்து வந்து நாற்காலி போட்டார். பேச்சும் தாராளமாக இருந்தது. எத்தனை நாடு, எத்தனை விமானம், எத்தனை கிடங்கு என்று விரல்விட்டு எண்ணி, விரல் போதாமல் மச்சினியின் விரலையும் பார்த்தார்.

"மாஸ்டர் அனுப்பினது எவ்வளவு பெரிய பெட்டி?" துருவல் நடுவில் புகுந்தார்.

"அது வந்து சார், நாங்களே பேக்கிங் பண்ணோம். பல்லு உடையக் கூடாதில்லையா? ஒரு மைக்ரோவேவ் அடுப்பு போற பெட்டியில வெச்சு, சுத்தி பஞ்சு அடைச்சோம்."

"எடைக்குத்தானே காசு?"

"பெட்டி பெருசா இருந்தா இடத்துக்கும் கணக்குப் போடுவோம்."

"அதாவது பல்லு கொஞ்சம், காத்து நிறைய. காத்தும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சா?" என்றாள் மச்சினி.

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

துருவல் விடவில்லை. அந்த ஊரில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனது யார்? கொக்கின் ஆட்களா? இல்லை, அங்கே வேறொரு உள்ளூர் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவார்களாம். அந்தக் கம்பெனி? அது இன்னொருவரிடம் கொடுக்குமாம். ஆக, பெட்டி நான்கு கை மாறியிருந்தது. மச்சினியின் முகம் மலர்ந்தது.

"புடிச்சோம் அத்தான். நாலு கையில ஒரு கை நீளம்."

ஆனால் அங்கேயும் எடை மாறவில்லை. மேனேஜர் அச்சடித்துக் கொடுத்த டெலிவரி படத்தில் பெட்டியின் மூடி தெளிவாகத் தெரிந்தது. டேப்பின் மேல் மாஸ்டர் குறுக்காகப் போட்ட கையெழுத்து, ஒரு கோடுகூட விலகாமல் அப்படியே இருந்தது.

"கொக்கும் மாத்தல," என்றாள் மச்சினி. குரலில் சுருதி இறங்கியிருந்தது.

துருவல் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். அச்சடித்த படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகில் கொண்டுவந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது அவர் மீசை லேசாக நடுங்கியது. சிரிப்பை அடக்கும்போது மட்டும்தான் அப்படி நடுங்கும். மச்சினிக்கு அது தெரியும்.

"என்ன அத்தான்?"

"நாலு மணிக்குள்ள ஒட்டகக் கூரியருக்குப் போகணும், அதுக்கப்புறம் பார்சல் வாங்க மாட்டாங்க. நட."

ஒட்டகக் கூரியரில் கூட்டமே இல்லை. காரணம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், நான்கு பக்கப் படிவம் ஒன்றை மாஸ்டர் முன்னால் வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். உள்ளே திரவம் உண்டா? பேட்டரி உண்டா? கூர்மையான பொருள் உண்டா?

"பல்லுங்க," என்றார் மாஸ்டர். "கொஞ்சம் கூர்மைதான்."

"கடிக்குமா?"

"ஆள் போட்டுக்கிட்டாதான் கடிக்கும்."

அம்மாள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். "யார் கையில குடுக்கணும்? எங்ககிட்ட ஒரு முறை இருக்கு. 'பேர் உள்ளவர் கையில் மட்டும்'னு டிக் அடிச்சா, அவரு அடையாள அட்டையைக் காட்டினாத்தான் குடுப்போம். பொண்டாட்டி வந்து நின்னாலும் குடுக்க மாட்டோம்."

"கொஞ்சம் மெதுவாப் போகுமாமே?"

"நாலு நாள். ஆனா எங்க ஆளு கையிலிருந்து வேற ஆள் கைக்குப் போகாது."

மாஸ்டர் பேனாவை எடுத்தார். துருவல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அனுப்பாதீங்க."

"ஏன் சார்? ஒட்டகமும் மோசமா?"

"கூரியர் மூணும் சுத்தம். இந்தப் பல்லை விமானியே மடியில வெச்சுக் கொண்டுபோனாலும் உங்க அண்ணன் வாய்க்குச் சேராது."

துருவல் முதலில் தன் போனைக் கவுண்ட்டரில் வைத்தார். மானின் படம்: சுருக்குப்பை வாய்ப் பெரியவர். அதன் பக்கத்தில் கொக்கின் படத்தை விரித்தார். மூன்று வாரம் கழித்து, அதே வாசல், அதே வழுக்கை, அதே கட்டம்போட்ட ஸ்வெட்டர். ஆனால் பெரியவர் கேமராவைப் பார்த்துக் காது முதல் காது வரை சிரித்துக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பல்.

கவுண்ட்டர் அம்மாள்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மூணு வாரத்துல பல்லு முளைக்கிற வயசா இது?" என்றாள் மச்சினி.

மாஸ்டர் படத்தின்மேல் குனிந்தார். மூக்கு தாளில் உரசியது.

"இது என் கை சார். முன்பல்லுல ஒண்ணு லேசா அடுத்ததுமேல ஏறியிருக்கு பாருங்க. அண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் இருந்துச்சு. அதே மாதிரி இருக்கட்டும்னு வேணும்னே வெச்சேன்." அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "இந்த ஆளுதான் திருடனா? போலீஸுக்குப் போலாம் சார்."

"திருடினவன் டெலிவரி ஆளைப் பாத்து இப்படிச் சிரிப்பானா மாஸ்டர்? இவரு எதையும் மறைக்கல. மறைக்கிறது வேற ஒருத்தர். ஒண்ணு சொல்லுங்க. அண்ணன் வாய் அளவை எப்படி எடுத்தீங்க?"

"அச்சு எடுக்கிற மாவும் தட்டும் பார்சல்ல அனுப்பினேன். வாயில வெச்சுக் கடிச்சு அதைத் திருப்பி அனுப்பினாரு. மூணு செட்டும் அந்த ஒரே அச்சுல செஞ்சதுதான்."

"கடிச்சதைக் கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல சார்." மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"போனைப் போடுங்க. உங்க நம்பர்லேர்ந்து வேண்டாம். மச்சினி போன்லேர்ந்து போடுங்க, எடுப்பாரு."

நாலாவது தடவை மணி அடித்ததும் அண்ணன் எடுத்தார். தம்பியின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. பல் இல்லாத பெருமூச்சு என்பதால் அதில் காற்று அதிகமாக இருந்தது.

"அண்ணே, கட்டம்போட்ட ஸ்வெட்டர் யாரு?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுடா," என்றார் அண்ணன் ரகசியக் குரலில். "பக்கத்து ரூம்ல இருக்காரு. சம்பந்தி."

மச்சினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"யாரோட சம்பந்தி?"

"நம்ம சம்பந்திதான்டா. மாப்பிள்ளையோட அப்பா. நீதான் அவரைப் பாத்ததே இல்லையே. அந்த மாவை வாயில வெச்சாலே எனக்குத் தொண்டையை அடைக்குது. ரெண்டு தடவ வெச்சேன், ரெண்டு தடவையும் பாத்ரூமுக்கு ஓடினேன். உயிர் போற மாதிரி இருந்துச்சுடா. பக்கத்துல நின்ன சம்பந்தி, 'குடுங்க, நான் கடிக்கிறேன்'னாரு. அவருக்கும் பல்லு கிடையாது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே செருப்பு சைஸ். சரி, வாய் மட்டும் என்ன பெருசா மாறிடப்போகுதுன்னு நெனச்சேன்."

"செருப்பு சைஸ்," என்று மாஸ்டர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"முதல் செட்டு வந்துச்சு. என் வாயில நிக்கல. அவரு சும்மா போட்டுப் பாத்தாரு. டக்குனு உக்காந்துடுச்சு. கண்ணாடியில பாத்தாரு. அப்புறம் கழட்டவே இல்ல. பொண்ணைக் குடுக்கப்போற இடம், கழட்டிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கிறது? உங்கிட்ட உண்மையைச் சொன்னாலும் அசிங்கம். அதான் கூரியர்ல மாத்திட்டாங்கன்னு சொன்னேன். நீ உடனே ரெண்டாவது செட்டைச் செஞ்சு அனுப்பிட்டே. அதையும் அவரே வெச்சுக்கிட்டாரு. ஒண்ணு வீட்டுக்காம், ஒண்ணு விசேஷத்துக்காம்."

துருவல் தலையைக் குனிந்துகொண்டார். மீசை இப்போது வெளிப்படையாகவே நடுங்கியது.

மாஸ்டர் வெடிக்கப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வெடிக்கவில்லை.

"அவருக்கு எப்படி இருக்கு?"

"எது?"

"பல்லுதான். ஆடுதா?"

"ஆடவே இல்லடா. முழு ஆப்பிளைக் கடிச்சே தின்னுறாரு."

"ஈறு வலிக்குதுங்கிறாரா?"

"ராத்திரி தூங்கும்போதுகூட மறந்து போட்டுக்கிட்டே தூங்குறாராம்."

மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். ஒரு மாதமாகக் கூனியிருந்த முதுகு அது. "அப்ப என் வேலையில தப்பில்ல," என்றார் யாரிடமும் இல்லாமல். பிறகு போனைப் பார்த்து, "அவருகிட்ட எதுவும் கேக்காதீங்க அண்ணே. அந்த ரெண்டு செட்டும் அவரு வாய்க்குச் செஞ்சதுதான். இதையும் ஒரு நாள் அவருக்கே அனுப்பிடுறேன். நீங்க நாளைக்கு ஒரு டாக்டர்கிட்ட போய் உக்காருங்க. நான் போன்ல கூடவே இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்குடா."

"தெரியுது அண்ணே."

மறுநாள் வெள்ளிக்கிழமை, துருவலின் அலுவலகத்திலேயே அந்த அச்சு எடுக்கும் வைபவம் நடந்தது. பட்டறையில் போன் சிக்னல் சரியில்லை. திரையில் அண்ணன் டாக்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மல்லாந்திருந்தார். மாவு வைத்த தட்டு நெருங்கியதும் கண் பிதுங்கியது.

"அண்ணே, மூக்கால மூச்சு விடுங்க. இப்ப ஒரு காலை மேல தூக்குங்க. அந்தக் கால் கட்டைவிரலையே பாருங்க, வேற எதையும் நெனைக்காதீங்க. கவனம் கால்ல இருந்தா தொண்டை சும்மா இருக்கும்."

அண்ணன் பயத்தில் இரண்டு காலையும் தூக்கினார். ஒரு ஷூ கழன்று நர்ஸின் தலைக்கு மேலாகப் பறந்து அலமாரியில் மோதியது. ஆனால் மாவு வாய்க்குள் இருந்தது. இரண்டு நிமிடம். மாஸ்டர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணும்போது அவருடைய காலும் மேஜைக்கு அடியில் தூக்கியே இருந்ததை மச்சினி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டது அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

அடுத்தது நாள்கணக்கு. வர ஒரு பயணம், போக ஒரு பயணம். துருவல் காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்தார். வருகிற பயணத்துக்கு மான், ஏனென்றால் வேகம்தான் முக்கியம். அச்சு யார் கையில் கிடைத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு சிரிக்க முடியாது. போகிற பயணத்துக்கு ஒட்டகம், ஏனென்றால் சரியான ஆள்தான் முக்கியம். 'செயற்கைப் பல், புதியது, உரியவர் உயிரோடு இருக்கிறார்' என்று படிவத்தில் மச்சினியே எழுதினாள்.

அச்சு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாஸ்டர் சாப்பாட்டை மறந்து வேலை செய்து, திங்கள் மாலை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பெட்டியை அந்த அம்மாளிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை ஒட்டகத்திலிருந்து தகவல் வந்தது. பெட்டியை வாங்கச் சம்பந்திதான் வழக்கம்போல வாசலுக்கு வந்திருக்கிறார், விசேஷத்துக்கான சிரிப்போடு. டெலிவரி ஆள் அசையவில்லை. முக்கால் மணி நேரம் வாசலிலேயே நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்த அண்ணனின் அட்டையைப் பார்த்த பிறகே பெட்டியைக் கொடுத்தாராம். அதற்குள் சம்பந்தி அவருக்கு ஒரு ஆப்பிளைக் கடித்தே காட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை மதியம். துருவல், மச்சினி, மாஸ்டர் மூவரும் ஒரு சின்னத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தில் அண்ணன் எழுந்து மைக்கைப் பிடித்தார். நாலு வார்த்தை பேச வேண்டியவர், இரண்டு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினார். மகள் பிறந்ததில் தொடங்கினார். பஸ் ரூட்டுகளை விவரித்தார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் சம்பந்தி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார். மணப்பெண் மேஜையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"கூரியர்காரங்க பாவம், என்னத்தைக் கொண்டுபோய்க் குடுத்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது," என்றாள் மச்சினி.

மாஸ்டர் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. அண்ணன் ஒருவழியாக உட்கார்ந்து, கைதட்டலும் ஓய்ந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"அண்ணன் பேச்சு எப்படி மாஸ்டர்?" என்று துருவல் கேட்டார்.

"பேச்சை யாரு சார் கேட்டா? பல்லு சரியா உக்காரலைன்னா 'ச' சொல்லும்போது விசில் அடிக்கும். அதைத்தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். "சந்தோஷம்னு ஒன்பது தடவ சொன்னாரு. ஒரு தடவகூட விசில் வரல."